இரண்டு ராணிகளும் ஒரு விஷக் கிண்ணமும்

எங்கள் குடும்பத்தில் இரண்டு மருமகள்கள். மூத்தவர் என் அண்ணனின் மனைவி, எனக்கு மைனி. இளையவள் என் மனைவி. அண்ணனுக்குத் தருவைகுளத்தில் சொந்தப் படகு இருக்கிறது. அப்பா கட்டிய வீட்டிலேயே இருக்கிறார். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கன்டெய்னர்களுக்குப் பேப்பர் தயார் செய்கிறவன். மில்லர்புரத்தில் வாடகை வீடு. என் மனைவி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

மைனியும் என் மனைவியும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அதுதான் சிக்கலே. வாய் நிறைய அக்கா என்பாள் இவள். தேன் மாதிரி பேசுவார் அவர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மக்ரூன் வாங்கிக்கொண்டு போனால், "இங்கன பிள்ளைங்க இப்ப மக்ரூனைத் தொடவே மாட்டேங்குதுவ" என்று சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைப்பார் மைனி. அவர் தூக்குவாளியில் நண்டுக் குழம்பு கொடுத்துவிட்டால், "நேத்துதான் பக்கத்து வீட்ல நண்டு குடுத்தாங்க அக்கா, இருந்தாலும் பரவாயில்ல" என்பாள் இவள். ஒருத்தி எடுத்த சேலையை இன்னொருத்தி ரொம்ப நல்லாயிருக்கு என்று சொல்லும்போது, அண்ணனும் நானும் அவரவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

இப்படி இருந்த வீட்டுக்குள் ஒரு ராஜ குடும்பத்தைக் கொண்டுவந்து இறக்கியது நான்தான்.

ஊர்த் திருவிழாவுக்கு வழக்கமாக ஆண்கள் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் அவர்களுக்குள் யார் யாரோடு பேசுவதில்லை என்று கணக்குப் பார்த்தால் நடிக்க ஆளே தேறவில்லை. சர்ச் ஃபாதரான பங்குச்சாமி கோயிலில் வைத்தே அறிவித்துவிட்டார்: "இந்தத் தடவ அன்பியத்துப் பெண்கள் நாடகம் போடுவாங்க." அன்பியம் என்றால் தெருவாரியான ஜெபக் குழு. கதை எழுத என்னைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் பாதுகாப்பு வார விழாவுக்காக, ஹெல்மெட் போடாமல் போனவனின் கதையை நான் எழுதி, அதற்குக் கைதட்டு கிடைத்த செய்தி ஊர் வரைக்கும் வந்திருந்தது.

எனக்குச் சோகக் கதைதான் பிடிக்கும். எழுதிவிட்டேன். ஒரு மன்னனுக்கு இரண்டு ராணிகள், ஆளுக்கு ஒரு மகன். மூத்த ராணியின் மகனுக்கு முடிசூட்டு விழா. இளைய ராணி பொறாமையில் வெந்து, அவன் குடிக்கும் பாலில் விஷம் கலந்து வைக்கிறாள். அவளுடைய சொந்த மகனுக்கோ அண்ணன் என்றால் உயிர். அண்ணன் கையிலிருந்து விளையாட்டாகக் கிண்ணத்தைப் பிடுங்கி அவனே குடித்துவிடுகிறான். மகன் சாகிறான். தாய் தன் பொறாமை முழுவதையும் கொட்டி அழுது, கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்துச் சாகிறாள். அந்த அழுகை வசனம் முழுதாக இரண்டு பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் மூத்த ராணி வேஷம்தான் வேண்டும் என்றிருந்தது. மூத்தவள், நல்லவள், பொறுமைசாலி. பங்கு மண்டபத்தில் உட்கார்ந்து கதையை நான் வாசித்து முடித்தவுடன் நிலைமை தலைகீழாகிவிட்டது. மூத்த ராணி நாடகம் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். பேச்செல்லாம் இளையவளுக்குத்தான்.

"இளைய ராணிக்கு என் பேரை எழுதிக்கோங்க" என்றாள் என் மனைவி.

"நான் பள்ளிக்கூடத்துலயே நாடகத்துக்குப் பரிசு வாங்கினவ தம்பி" என்றார் மைனி, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

நான் பங்குச்சாமியைப் பார்த்தேன். அவர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தார். பிறகு, "சீட்டுப் போட்டுருவோம்" என்றார். ஒரு பிஸ்கட் டப்பாவில் இரண்டு பேரையும் எழுதிப் போட்டு நான் குலுக்கினேன். சாமி எடுத்தார். என் மனைவியின் பெயர் வந்தது.

"ஆண்டவர் சித்தம்" என்று மைனி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "குலுக்குன குலுக்கை நானும் பாத்துட்டுத்தாம்ப்பா இருந்தேன்."

ஒத்திகை தொடங்கியது. மைனிக்கு வசனம் குறைவே தவிர, மேடை முழுக்க அவருடையதாகிவிட்டது. என் மனைவி முன்னால் நின்று, "இந்த மணிமுடி என் மகனுக்கு இல்லையா?" என்று தொண்டை நரம்பு தெரியக் கத்தும்போது, மைனி பின்னால் ஒரு பட்டுத்துணியை மெல்ல மடிப்பார். அவ்வளவுதான். மடிக்கும்போது ஒரு முறை நிறுத்திப் பெருமூச்சு விடுவார். ஒத்திகை பார்க்க வந்த பெண்கள் அத்தனை பேரும் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"பேசுறது நான். பாக்கிறது எல்லாரும் அவங்களை. அந்தத் துணியை முதல்ல எடுங்க" என்றாள் என் மனைவி, பைக்கில் மாப்பிள்ளையூரணி தாண்டி வரும்போது.

துணியை எடுத்தேன். அடுத்த வாரம் மைனி ஒரு விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

இவளும் சும்மா இருக்கவில்லை. மூத்த ராணி மகனை ஆசீர்வதிக்கும் கட்டத்தில், இளைய ராணி ஓரமாக நின்று கேட்க வேண்டும். நின்றுகொண்டே வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்டுவாள், கிலுங் கிலுங் என்று. கிரீடம் வந்தபோது இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, மற்றவளுடையது அரை விரல் உயரம் அதிகம் என்றார்கள். நகைக்கு ஃபேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் முத்துமாலை வாங்கினோம். ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடற்கரையில் நின்றுகொண்டு, இரண்டு ராணிகளும் எந்தப் பிளாஸ்டிக் முத்து பெரிசு என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் ஒரு நாள் அண்ணன் துறைமுகத்துப் பக்கம் டீசல் விஷயமாக வந்தவர், என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏலே, உங்க மைனி ஒரு மாதிரி இருக்கா."

"என்னண்ணே?"

"மீன் ஆயும்போது தனியாப் பேசுதா. அரிவாமனை முன்னால உக்காந்து, 'இந்த முடி என் மகனுக்கு இல்லையா'ங்கா. சீலா மீன் தலையப் பாத்துச் சொல்லுதா. எனக்கு அவ போடுற காப்பியக் குடிக்கவே யோசனையா இருக்கு."

அது இளைய ராணியின் வசனம். நான் சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு பயம் வந்தது. கிடைக்காத வேஷத்தை ஒருத்தர் இப்படி மனப்பாடம் செய்தால், மேடையில் வைத்து ஏதாவது செய்துவிடுவாரோ? இவளிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாடகம் அன்றைக்கே நின்றிருக்கும்.

திருவிழா அன்று, சாயங்காலப் பூசை முடிந்த கையோடு நாடகம். கோயில் முன்னால் மணலில் மேடை. கடல் காற்று மைக்கில் மோதிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதற்காகக் காகிதக் கட்டோடு நின்றேன்.

எல்லாம் நன்றாகவே போனது. மன்னனாக வந்த பால்வாடி டீச்சர் ஒரு இடத்தில், "மந்திரியாரே" என்பதற்குப் பதிலாக, "மதர்" என்றார். யாரும் கவனிக்கவில்லை. என் மனைவி விஷம் கலந்த இடத்தில், பெண்கள் பக்கத்திலிருந்து, "பாவி மட்ட" என்று ஒரு குரல் வந்தது. இவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சாகப்போகும் இளைய இளவரசன் என் தங்கச்சி. வங்கியில் வேலை செய்கிறாள்; லீவு போட்டு வந்திருந்தாள். மீசை ஒட்டியிருந்தோம். கிண்ணத்தில் ரோஸ்மில்க். சாகும்போது தலையை மேடையின் உள்பக்கமாக வைத்து விழ வேண்டும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். செத்துக் கிடக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தால் கூட்டத்துக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று.

அவள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். "அண்ணா, உனக்கு முன் நான் சுவைப்பேன்!" என்று மடக் மடக் என்று குடித்தாள். விளக்குச் சூட்டில் வேர்த்துப் பசை விட்டுப்போயிருக்கிறது. கிண்ணத்தை இறக்கியபோது உதட்டுக்கு மேலே மீசை இல்லை. ஒரு கணம் நானும் அது எங்கே போயிற்று என்று தேடினேன். மீசை அவள் பல்லுக்கு நடுவில் இருந்தது, ரோஸ் நிறத்தில்.

தங்கச்சி பக்குவமானவள். சட்டென்று திரும்பி விழுந்துவிட்டாள். கூட்டத்துக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அவள் விழுந்தது என் மனைவியின் காலடியில். முகம் அவளுக்கு நேராக. "அம்மா..." என்று இளவரசன் கடைசி வார்த்தை சொல்ல வேண்டும். வாயில் மீசை இருந்ததால் அது, "ம்மூ..." என்று வந்தது. பிறகு உயிர் போகும் பாவனையில் மீசையை மெதுவாகத் துப்பினாள். அது வந்து இளைய ராணியின் கால் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது.

என் மனைவி தடாலென்று மண்டியிட்டாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. கூட்டத்தில், "அய்யோ, பெத்த வயிறுல்லா" என்றார்கள். எனக்குத்தான் தெரியும் அவள் என்ன செய்கிறாள் என்று. கல்யாணமான புதிதில் ஒரு இழவு வீட்டில் இப்படித்தான் சிரிப்பு வந்து, பாதியிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வந்தால் லேசில் நிற்காது.

"வானமே இடிந்து விழு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தை மூடியபடியே தலையை ஆட்டினாள், முடியாது என்று. "வானமே" என்றேன் இன்னொரு முறை. அவள் வாயைத் திறக்க முயன்றாள். "கீ..." என்று ஒரு சத்தம் மைக்கில் போனது. முன்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினார். இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்தால் எல்லோருக்கும் புரிந்துவிடும். என் இரண்டு பக்கம், என் நாடகம், எல்லாம் அந்த ரோஸ் மீசையோடு போயிற்று என்று நின்றேன்.

அந்த இடத்தில் மூத்த ராணிக்கு வேலையே கிடையாது. ஓரமாகச் சிலை மாதிரி நிற்க வேண்டும். மைனி நடந்து வந்தார். நடுமேடையில் உட்கார்ந்து, என் மனைவியின் தலையை இழுத்துத் தன் மடியில் கவிழ்த்து, முந்தானையால் முகத்தை முழுக்க மூடினார். மீசையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பேசினார்.

"பேசாதே தங்கையே. உன் நாவால் இதைச் சொல்ல முடியாது. உன் மனத்தில் கிடப்பதை நான் சொல்கிறேன். நீ இந்த அரண்மனைக்குள் வந்த நாளில், எனக்கு முன்பே ஒருத்தி இங்கே விளக்கேற்றிவிட்டாளே என்று நினைத்தாய். மன்னர் என்னை அழைத்த குரலையும் உன்னை அழைத்த குரலையும் தராசில் வைத்துப் பார்த்தாய். என் மகன் நடந்தால் அவன் காலடியைப் பார்த்தாய். இந்த மணிமுடி என் மகனுக்கு இல்லையா என்று சுவரைக் கேட்டாய், தூணைக் கேட்டாய்..."

என் வசனம். ஒரு வரி விடவில்லை. 'நான்' என்று எழுதிய இடத்தையெல்லாம், 'நீ' என்று மாற்றிக்கொண்டே போனார். காகிதத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் முடிந்தது. அத்தோடு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை.

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் அதே தராசை வைத்திருந்தேன், தங்கையே. நீ வந்த அன்றைக்கு எல்லோரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையற்கட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். இவளுக்கு என்ன குறை, இனி நமக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அன்றைக்கே நினைத்தேன். என் கையில் விஷம் அகப்படவில்லை. அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

இது நான் எழுதியது இல்லை. ராணி எதற்காகச் சமையற்கட்டில் நின்றாள் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கல்யாணத்தன்று வீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம், அடுப்பை விட்டு நகராமல் காப்பி போட்டுக் கொடுத்தது மைனிதான். மணமேடைப் போட்டோ எதிலும் அவர் இல்லை. அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மடியில் கிடந்த தோள் குலுங்குவது நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி குலுங்கியது. இந்தத் தடவை அது சிரிப்பு இல்லை. என் மனைவி முந்தானையை விலக்கி எழுந்தாள். மை கன்னம் முழுக்க வழிந்திருந்தது. "அக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். கிண்ணத்து மிச்சத்தைக் குடித்து அதே மடியில் விழுந்து செத்தாள். திரை இறங்கியது. வெளியே கைதட்டும் விசிலும் அடங்கவே இல்லை. உள்ளே இளவரசன் படுத்தபடியே, "மைனி, கால் மரத்துட்டு, தூக்கி விடுங்க" என்றாள்.

பங்குச்சாமி மேடையேறி, நாடகம் எழுதியவருக்குப் பொன்னாடை என்று அறிவித்து என் தோளில் போர்த்தினார். "அந்தக் கடைசி வசனம் இருக்கே..." என்று காதோரம் தழுதழுத்தார்.

"அது மைனி சொன்னது சாமி. நான் எழுதல."

"அப்ப இதைக் கழட்டும்" என்று பொன்னாடையை உருவி, உள்ளே போய் மைனிக்குப் போர்த்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். தங்கச்சி மீசைக் கதையைச் சொல்லச் சொல்ல அண்ணனுக்குப் புரை ஏறியது. மைனி பரிமாறிக்கொண்டிருந்தார். முகத்தில் இன்னும் ரோஸ் பவுடர்.

"அக்கா, கடைசில சொன்னீங்களே, அது நாடகத்துக்கா, நெசமாவா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஏளா, சோத்தைத் தின்னு."

இவள் தின்னவில்லை. மைனி குழம்புச் சட்டியையே பார்த்தபடி, "நெசந்தான், பின்ன?" என்றார். "சிரிச்சுக்கிட்டு ஒருத்தி மடியில வந்து விழுந்தா, வேற என்னத்தப் பேச? வாயில வந்துட்டு."

"நானும்தான் அக்கா."

"நீயும் என்ன?"

"இத்தனை வருசமா வாரேன். இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு எல்லாரும் உங்களைத்தான் கேக்காங்க. ஒரு தடவகூட என்கிட்ட உப்பு எங்கன்னு யாரும் கேட்டதில்ல."

மைனி கரண்டியைக் கீழே வைத்தார். "உப்பு எங்க இருக்கு?"

இவள் திருதிருவென்று விழித்தாள். அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

அதற்குப் பிறகு சண்டையே வரவில்லை என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகுதான் சண்டையே வந்தது. மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்து நாடகத்தை அங்கேயும் போடச் சொன்னார்கள். வேஷத்தை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. மைனி இளைய ராணி, இவள் மூத்தவள். அப்படியானால் அந்தக் கடைசி வசனம் மூத்த ராணியுடையதுதானே என்றாள் இவள்.

"அது என் வசனம். என் வாயில வந்தது. வேற எவளும் தொடக் கூடாது" என்றார் மைனி.

"ராணி சொன்னது ராணிக்குத்தான் அக்கா சொந்தம்."

"அப்ப நீயா ஒண்ணு யோசிச்சுச் சொல்லு. டீச்சர்தான?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நடு வீட்டில் நின்று கத்தினார்கள். தெருவே கேட்டது. அண்ணனும் நானும் செருப்பைத் தேடவில்லை. "இம்புட்டு நாளும் கத்தாம இருந்தப்பதாம்ல பயமா இருந்துச்சு" என்று அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். கடைசியில் இவளே நாலு வரி எழுதினாள். மைனி அதில் இரண்டு வரியை அடித்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையூரணியில் மைனி இளைய ராணியாக வந்து நின்றதைப் பார்த்தபோது, எனக்கே என் எழுத்தைக் கண்டு பயமாக இருந்தது. விஷம் கலக்கும்போது அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தை நேராகப் பார்த்தபடி கலக்கினார். முன்னால் இருந்த சிறுபிள்ளை ஒன்று அழுது, வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். மூத்த ராணியாக நின்ற என் மனைவி நாலு வரியில் மிஞ்சிய இரண்டையும் அழகாகவே சொன்னாள். சொல்லும்போது ஒரு துணியை மடித்துக்கொண்டும் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் என் மனைவிக்குப் போன் வந்தது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஏளா, கேளு. மாப்பிள்ளையூரணி பஸ் ஸ்டாப்புல காய் வாங்கப் போனேன். கத்திரிக்காய் விக்கிற அம்மா என்னைப் பாத்துட்டு, 'பெத்த பிள்ளைக்கே எமனா வந்தவளுக்குக் காய் கிடையாது, போ'ன்னு சொல்லிட்டா!"

"நெசமாவா அக்கா? நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? எனக்கு அங்கனயே ஆடணும் போல இருந்துச்சு. வீட்ல உங்க மச்சானுக்குக்கூட இன்னும் சொல்லல. ஒனக்குத்தான் முதல்ல சொல்லுதேன்."

"அப்ப கத்திரிக்காய்?"

"எதுக்கு? பக்கத்துக் கடையில வெண்டைக்காய் வாங்கிட்டேன்."

இவள் தலைவாரும் சீப்பைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். போனுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிரிப்பு. இவளுக்கு வந்தால் லேசில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். மைனிக்கும் அப்படித்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்தது. நானே போய் அணைத்தேன்.